ஒரு வெள்ளை அரளி, இரண்டு கேள்வி

"குண்டுச் சத்தமே கேட்காத ஓர் ஊரிலிருந்து மேற்காசியப் போரைப் பற்றி எழுதித் தர முடியுமா?" என்று ஐரோப்பாவிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போடிநாயக்கனூர் என்றேன். அவர் அந்தப் பெயரை மூன்று தடவை உச்சரித்துப் பார்த்துவிட்டு, பாதியிலேயே கைவிட்டார்.

போடியில் ஏலம் போகும் ஏலக்காயில் பெரும்பங்கு அரபு நாட்டுக் காப்பிக் குவளைகளுக்குப் போகிறது. அங்கே ஒரு துறைமுகம் வாயை மூடினால் இங்கே விலை படுத்துவிடும். மேற்காசியப் போரை இதைவிட அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேறு இடம் கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பது வருடங்களாக எனக்கு இரண்டு வேலைகள். போர் வேண்டாம் என்று தெருவில் நின்று கத்துவது ஒன்று. போர் ஏன் வந்தது, எப்படி முடியும் என்று வாராவாரம் வெளியுறவுப் பத்தி எழுதுவது இன்னொன்று. முதல் வேலையில் தடியடி கிடைத்தது. இரண்டாவதில் விமான டிக்கெட் கிடைத்தது. வேறு வேறு நாடுகளில் பேச்சுவார்த்தை மண்டபங்களின் தாழ்வாரங்களில் காத்துக் கிடந்து, யார் முகம் எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது. என் கணிப்புகள் பெரும்பாலும் பலித்திருக்கின்றன. அடக்கம் கருதி இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னது போல் ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அங்கே எனக்கு வேண்டிய ஒரு பெண் வேலை பார்க்கிறாள்.

முதல் நாள் காலை, விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீ வாங்கினேன். ஏலக்காய் ஊர், தெருவெல்லாம் அந்த வாசம். டீயில் மட்டும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது விக்கிறதுக்கும்மா. டீயில போடுறதுக்கா?" என்றார் அவர். பாலை ஆற்றுகிற கை நிற்கவே இல்லை.

ஏல மையத்தில் கூச்சல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். வகுப்பறை மாதிரி இருந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பையில் மாதிரிக் காய் கைக்குக் கை போகிறது. தட்டில் கொட்டுகிறார்கள், விரலால் கிளறுகிறார்கள், ஒன்றை உடைத்துப் பார்க்கிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள். பார்த்து முடித்த காயைத் தரையில் கொட்டிவிடுகிறார்கள். சென்னையில் நான் எண்ணி எண்ணிப் பாயசத்தில் போடும் சரக்கை இங்கே செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு நடந்தேன். மனசு கேட்கவில்லை.

நான் யார் என்று தெரிந்ததும் இரண்டு வியாபாரிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். போரின் வேர்கள், வல்லரசுகளின் கணக்கு என்று நான் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். ரம்ஜான் நோம்புக்கு முன்னாடி கப்பலு போயிருமா, போகாதா? அதச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

போகும் என்றேன், காரணத்தோடு. என் முகத்தையும் மாதிரிக் காயைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு பொத்தானை அழுத்தினார். வாங்கினாரா, விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

மதியம் ஒரு மெஸ்ஸில் சோறு. ஆட்டுக்கறிச் சுக்கா, எலும்புக் குழம்பு, ரசம். "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க ஆத்தா, ஒடம்புல ஒண்ணுமே இல்லியே" என்று பரிமாறிய அம்மாள் என் இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினார். உலகத்தில் பல விருந்துகளில் மந்திரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எவரும் என் உடம்பைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டதில்லை.

இரண்டாம் நாள் விடிந்ததும் போடிமெட்டுக்குப் புறப்பட்டேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் முன்சீட்டில் இடம் கொடுத்தார் டிரைவர் பால்பாண்டி. ஐம்பது வயதிருக்கும். சிலமலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. காலையில் ஜீப்பு, பகலுக்கு மேல் வயல். பின்னால் பெண்கள், தூக்குவாளிகள், சுருட்டிய பிளாஸ்டிக் தாள்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண ஆரம்பித்துப் பயத்தில் நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"இந்தம்மா யாரு? கணக்கெடுக்க வந்தவுகளா?"

"பேப்பர்ல எழுதுறவுகளாம்" என்றார் பால்பாண்டி.

"எதப் பத்தி எழுதுறாக?"

"சண்டையப் பத்தி."

"எந்த வீட்டுச் சண்டைய?"

ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அன்று மாலைக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று அப்போது தெரியாது.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆவி கக்கியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஐரோப்பாவில் ரயில் பத்து நிமிடம் தாமதமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இறங்கி, சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்தார்கள். எனக்கும் ஒரு மூடியில் புளிச்சோறு வந்தது. கீழே போடி முழுக்க வெயிலில் கிடந்தது.

பால்பாண்டி ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து, இஞ்சின் ஆறட்டும் என்று என் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, போன மாசம் நீங்க எழுதுனீகள்ல, சண்ட அந்தத் தலைநகரத்துக்கு வராதுன்னு. அது நெசந்தானா?"

"நிஜம்தான்."

"அப்ப நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. எம் பொண்டாட்டிகிட்ட இதையே ஒருக்காச் சொல்லணும்."

பிறகுதான் விஷயம் வந்தது. அவருக்கு ஒரே மகள், நந்தினி. நர்ஸ். நான் பெயர் சொல்லாத அந்த நாட்டின் தலைநகரத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. விடுமுறைக்கு வந்த இடத்தில் போர் பெரிதாகிவிட்டது. இந்த வாரத்தோடு விடுமுறை முடிகிறது. போகலாம் என்கிறார் அப்பா. கூடாது என்கிறார் அம்மா ஈஸ்வரி. வீட்டில் முடிவாகாத விஷயத்தைச் சாமியிடம் விட்டுவிடலாம் என்று ஊர்க் காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தெற்கே பலருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியே ஒரே மாதிரி இருக்கும். அம்மன் காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"வெள்ள வந்துச்சும்மா. எனக்கு ஒரே சந்தோசம். வீட்டுக்கு வந்து, 'சாமியே போகச் சொல்லிருச்சு, துணிமணிய எடுத்து வைய்யி'ங்கிறேன். அவ என்னய மொறைக்கிறா. 'எங்க போக? புள்ள இங்கனயே இருக்கட்டுமான்னுல்ல நான் கேட்டேன். சாமி சரின்னுருச்சே'ங்கிறா."

ஜீப்பின் பானட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே?"

"ஒரு காரியத்துக்கு ஒரு தடவதான். மறுக்காக் கேட்டா, மொதச் சொன்னத நம்பலன்னு ஆயிரும்ல?"

இதில் எனக்கு ஒரு தொழில்முறை உற்சாகம் வந்ததை ஒளிக்க மாட்டேன். உலகத்தில் பாதிப் போர்நிறுத்தங்கள் இப்படித்தான் கையெழுத்தாகின்றன. இரு தரப்பும் ஒரே தாளை எடுத்துக்கொண்டு போய், தங்கள் மக்களிடம் இரண்டு விதமாகச் சொல்லிக்கொள்வார்கள். நடுவில் ஓர் எல்லைக்கோடும் முள்வேலியும் இருப்பதால் கொஞ்ச காலம் தாங்கும். இங்கே இரு தரப்பும் ஒரே அடுப்படியில் அல்லவா சாப்பிட வேண்டியிருக்கிறது! வருகிறேன் என்றேன்.

ஜீப்பு மறுபடி கிளம்பிப் போடிமெட்டை எட்டியது. நான் பார்த்த எல்லைகளில் இதுதான் மரியாதை தெரிந்தது. வேறு நாடுகளில் என் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியிருக்கிறார்கள். காலணியைக் கழற்றச் சொல்லி மோப்ப நாயை விட்டிருக்கிறார்கள். இங்கே சோதனைச்சாவடிக் காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, ஒரு பெண்ணிடம் அவள் மாமியாருக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். அடுத்த அடி கேரளம்.

அந்தப் பக்கத்துக் கடையில் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டேன். கடைக்காரர் மலையாளத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கேயோ இருக்கிறவன் சண்டை போடுகிறான், இங்கே என் கடையில் கடன் சொல்லிச் சாப்பிடுகிறவன் பாக்கி ஏறுகிறது." என் ஐரோப்பிய ஆசிரியர் கேட்ட கட்டுரையை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தோட்டத்துக்குள் நடந்தோம். நிழலும் ஈரமும். ஏலச்செடி ஆளைவிட உயரம், ஆனால் காய் தரையோரம் கிடக்கும் சரத்தில்தான் பிடிக்கும். பெண்கள் செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முற்றியதை மட்டும் பறித்தார்கள். பிஞ்சு அடுத்த முறைக்கு. ஒரு தடவை தோட்டம் முழுக்கப் பறித்து முடிப்பதை ஓர் எடுப்பு என்கிறார்கள். அதே செடிக்குத் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். என் கணுக்காலில் ஓர் அட்டை ஏறி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. பக்கத்திலிருந்த பெண் உப்பை வைத்துத் தட்டிவிட்டு, "புது ஆளுன்னா அதுக்குத் தனி ருசி" என்றார்.

மூன்றாம் நாள், சிலமலை. வீட்டுக்குள் நுழைந்ததுமே ஈஸ்வரி என்னை எடை போட்டுவிட்டார். முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"இவரு கூட்டியாந்த ஆளு. இவரு பக்கந்தான பேசுவீக?"

"நான் எந்தப் பக்கமும் இல்லை" என்றேன், தொழில் குரலில்.

"அப்ப எதுக்கு வந்தீக?"

பேச்சுவார்த்தை மண்டபங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். கோபத்தில் இருக்கிறவர்கள் வைத்த குழம்பு மாதிரி இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நந்தினி எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கையில் செல்போன். கண் அடிக்கடி திரைக்குப் போய் வந்தது. அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"பாருங்கம்மா, இப்பிடித்தான். ஊருக்கு வந்ததுலருந்து சோறு எறங்கல. இங்கன வச்சு எம் புள்ளய என்ன செய்ய?" என்றார் பால்பாண்டி.

"அங்க அனுப்பி என்ன செய்ய?" என்றார் ஈஸ்வரி.

நான் மொச்சை முறத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, உரித்தபடியே பேச ஆரம்பித்தேன். சண்டை நடப்பது எங்கே, அந்த நகரம் எங்கே. இரு தரப்புக்கும் அந்த நகரத்தில் காரியம் இருக்கிறது. அதனால் இரு தரப்பும் அதைத் தொடத் தயங்கும். என் முப்பது வருட அனுபவத்தில் இப்படிப்பட்ட நகரங்கள் தப்பித்தே வந்திருக்கின்றன. ஈஸ்வரி கேட்டுக்கொண்டே, நான் சொத்தை மொச்சையை நல்லதோடு சேர்த்துப் போட்டதை மட்டும் எடுத்து வெளியே போட்டார்.

"அப்பச் சாமி சொன்னது? எனக்குத்தான் சொல்லுச்சு" என்றார் முடிவில்.

"எனக்குஞ் சொல்லுச்சு" என்றார் பால்பாண்டி.

"மூணு பேருமாத்தான் கோயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். நந்தினி பக்கம் திரும்பினேன். "நீ என்னம்மா கேட்ட?"

வீட்டில் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் மகளைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். "போயிட்டு வர்றேன்னு சாமிகிட்டச் சொல்லிக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

அவளே தொடர்ந்தாள். "எனக்குப் பதிலா ரெண்டு பேரு டூட்டி பாக்குறாக. ஒருத்தி கட்டப்பனக்காரி. இன்னொருத்தி பிலிப்பைன்சு. அவுகளுக்கும் அம்மா இருக்காகம்மா. நான் வந்துருவேன்னு நெனச்சுத்தான் ரெண்டு பேரும் அங்க இருக்காளுக."

ஈஸ்வரி எழுந்து அடுப்படிக்குள் போனார். பால்பாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டார். ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை. மகள் போவாள் என்பது அந்த நிமிடம்தான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஈஸ்வரி திரும்பி வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. நான் என் தொழிலைக் காட்டினேன். போகட்டும், ஆனால் நிபந்தனைகளோடு. தினம் ஒரு போன் வர வேண்டும். சண்டை அந்த நகரத்தின் பக்கம் திரும்பினால், யாரும் யாரையும் கேட்காமல் அவள் கிளம்பி வந்துவிட வேண்டும். அப்பா தனியாக ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஈஸ்வரி தலையாட்டினார். எனக்கே என்னைப் பிடித்துப் போயிற்று.

"இதெல்லாம் நடக்குதான்னு யாரு பாக்குறது?" என்று ஈஸ்வரி கேட்டார்.

"பெரிய ஒப்பந்தங்களில் அதற்கென்று மூன்றாவதாக ஒரு நாடு இருக்கும். ஜாமீன் மாதிரி. அது பொறுப்பு ஏற்றுக்கொள்ளும்."

"அந்த மூணாவது ஆளு எங்க இருப்பாரு?"

"அவர் நாட்டில்."

"அவரு நாட்டுல இருந்துக்கிட்டா? அப்ப இங்க ஒண்ணு ஆச்சுன்னா அவருக்கு என்ன?"

இதைப் பற்றி எத்தனை பத்தி எழுதியிருப்பேன்! ஒன்றிலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

"நீங்க சொன்னத நெசமா நம்புறீகளா? அந்த ஊருக்குச் சண்ட வராதுன்னு?"

"நம்புகிறேன்."

"அப்ப அவ அங்க இருக்கட்டும். நீங்க இங்க இருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பால்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. "ஏய், என்ன பேசுற? அவுக எம்புட்டுப் பெரிய ஆளு..."

"பெரிய ஆளுன்னுதான கேக்குறேன். சின்ன ஆளு சொல்லியிருந்தா எம் மகள அனுப்பவா போறேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு எடுப்பு முடியட்டும்க்கா. அது வரைக்கும் நீங்க இங்கன என் கண்ணு முன்னால இருந்தீகன்னா, நெசமா நம்பித்தான் சொன்னீகன்னு நான் மனசத் தேத்திக்கிருவேன். ஊருக்குப் போயிட்டீகன்னா நான் யாரப் போயிக் கேக்க?"

பழைய காலத்தில் ராஜாக்கள் சமாதானம் செய்துகொண்டால், சொன்ன சொல்லுக்குப் பிணையாக ஒரு பிள்ளையை எதிரி அரண்மனையில் விட்டு வைப்பார்கள். இதைப் பற்றி நான் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனால் பிணை நானாக இருப்பேன் என்று நினைத்ததில்லை. கோபம் வந்தது. அடுத்த வாரம் எனக்கு வெளிநாட்டில் ஒரு மாநாடு இருந்தது. சமாதான ஒப்பந்தங்களுக்கு யார் பொறுப்பு என்பதே தலைப்பு. நான்தான் முதல் பேச்சாளர்.

கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பயம். ஒரு மாதம் இந்த அம்மாளின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அளவுக்கு நான் எழுதியதை நானே நம்புகிறேனா என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். சாதக பாதகங்களை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நகரம், துறைமுகம், இரு தரப்பின் கணக்கு. கணிப்பு மாறவில்லை. நந்தினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கெஞ்சவுமில்லை, தடுக்கவுமில்லை.

"சரி" என்றேன். "ஆனால் மொச்சை உரிக்க என்னைக் கூப்பிடக் கூடாது."

"கூப்புட்டாலும் உங்களுக்கு உரிக்கத் தெரியல" என்றார் ஈஸ்வரி.

நான்காம் நாள் நந்தினியை வழியனுப்ப எல்லோரும் பால்பாண்டியின் ஜீப்பிலேயே போடி ரயில் நிலையத்துக்குப் போனோம். ஈஸ்வரி மகள் பையில் முறுக்கும் ஊறுகாயும் திணித்தார். வார்டில் இருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பொட்டலம். ரயில் நகரும்போது நந்தினி சன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்து, "அம்மாவப் பாத்துக்கங்க பெரியம்மா" என்றாள். வழியனுப்பிப் பழக்கம் எனக்கு இல்லை. எப்போதும் புறப்பட்டுப் போகிறவள் நான்தான்.

மாநாட்டுக்காரர்களுக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். பிணையாக இருக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் மறுமுனையில் பெரும் பதற்றம். பிறகு விளக்கிச் சொன்னேன்.

எனவே இதை நான் எழுதுவது நந்தினியின் அறையிலிருந்து. அவள் படித்த புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. காலையில் ஈஸ்வரியோடு வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் எழுதுகிறேன். ஐரோப்பிய ஆசிரியர் கேட்டதும் முடிந்துவிட்டது. அவருக்குப் பிடித்திருக்கிறதாம், ஆனால் கொஞ்சம் சொந்தக் கதையாக இருக்கிறதாம். இருக்கட்டும்.

தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நந்தினியின் போன் வரும். போன வாரம் ஒரு நாள் வரவில்லை. தொலைக்காட்சியில் அந்த நகரத்தின் பெயர் ஓடியது. புறநகரில் ஒரு கிடங்கு எரிகிறது என்றார்கள். ஈஸ்வரி திரும்பி, நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று மட்டும் பார்த்தார். முப்பது வருடங்களாகச் செய்தி பார்க்கிறேன். ஒரே ஒரு பெண்ணுக்காகப் பார்த்தது அன்றுதான். எனக்குத் தெரிந்த மூன்று நாட்டு நிருபர்களைக் கூப்பிட்டேன். நகரத்துக்குள் ஒன்றுமில்லை என்றார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "சரிக்கா" என்றார். அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. டவர் போய்விட்டதாம். வார்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதாம். முறுக்கு தீர்ந்துவிட்டதாம். ஈஸ்வரி போனை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தோசை ஊற்றப் போனார். நான் அவர் பின்னாலேயே அடுப்படிக்குப் போய் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை. நிற்க வேண்டும் போலிருந்தது.

போர் இன்னும் நிற்கவில்லை. நிற்கும் என்றுதான் இந்த வாரமும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதியபின் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

இன்று காலை தெருக் குழாயடிக்கு ஈஸ்வரியோடு நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு ஈஸ்வரி இது? ஒறமொறையா? ரொம்ப நாளா இருக்காக?"

"ஒறமொற இல்லக்கா" என்றார் ஈஸ்வரி, குடத்தை வரிசையில் நகர்த்தி வைத்தபடி. "எம் மக அங்க இருக்கா. அதுக்கு இவுக இங்க இருக்காக."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்.